இணையவழி அழைப்புத் தெளிவாகக் கேட்க: தகவல் நிலையத்தின் வலையமைப்பை ஆயத்தம் செய்தல்

ஊர் திரும்புவதா என்று தீர்மானிக்க முன்னர், தமிழ்நாட்டு முகாம்களிலும் வெளிநாடுகளிலும் உள்ள உறவினர்கள் உங்களிடம் பல விடயங்களைக் கேட்பார்கள். கிணறு இறைத்தாயிற்றா, காணியில் கண்ணிவெடி அகற்றியாயிற்றா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா? இதற்குச் சொல்லும் பதிலில் "வரலாம்" என்பதும் "வரேலாது" என்பதும் கடைசி எழுத்துகளில்தான் வேறுபடுகின்றன. இணைய அழைப்பில் அந்தக் கடைசி எழுத்துகள் அறுபட்டால் பொருளே மாறிவிடும். எனவே, பொதுநோக்கு மண்டபத்தில் அழைப்பு வசதி செய்யும் சங்கங்கள் பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

குரல் எவ்வாறு செல்கிறது?

உங்கள் பேச்சு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, தரவுப் பொதிகளாக அனுப்பப்படுகிறது. வழக்கமாக ஒரு பொதியில் 20 மில்லிசெக்கன் பேச்சு இருக்கும். பொதிகள் ஒரே சீராகப் போய்ச் சேர வேண்டும். பிந்தி வரும் பொதி பயன்படாது; அந்தத் துண்டுப் பேச்சு இல்லாமற் போய்விடும்.

குரலுக்குத் தேவைப்படும் வேகம் குறைவு. சுருக்கப்படாத குரல் அழைப்பொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கிலோபிட் போதும். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் இதிலும் குறைவாகவே எடுக்கும். ஆகவே, கூடிய விலைப் பொதித்திட்டம் வாங்க முன்னர், இருக்கும் இணைப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். குறுகிய ஒழுங்கையில் லொறி நின்றால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்க வேண்டியதுதான். ஒருவர் வீடியோவைத் தரவேற்றும்போது மற்றவரின் அழைப்பு அறுபடுவதும் இவ்வாறே.

1. முதலில் அளந்து பாருங்கள்

மக்கள் அதிகம் பேசும் நேரத்திலேயே வேகத்தைச் சோதியுங்கள். தரவிறக்க வேகத்தை மட்டும் பார்க்க வேண்டாம். உங்கள் குரல் வெளியே போவது தரவேற்ற வேகத்தில்தான். அழைப்பொன்றுக்கு 100 கிலோபிட் என்று கணக்கிடுங்கள். ஒரே நேரத்தில் நால்வர் பேசுவதாயின் 400 கிலோபிட் குரலுக்கென ஒதுங்கியிருக்க வேண்டும்.

கணினியில் 'பிங்' கட்டளையை நூறு தடவை இயக்கினால் போய்வரும் நேரம் தெரியும். அது 300 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது. எண்கள் பெரிதும் ஏறி இறங்கினாலோ, நூறில் ஒன்றுக்கு மேல் திரும்பி வராவிட்டாலோ பேச்சு உடையும்.

2. குரலுக்கு முதலிடம் கொடுங்கள்

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முன்னுரிமை வசதி இருந்தால், அழைப்புக்குப் பயன்படும் கணினியை அல்லது தொலைபேசியை முதலிடத்தில் வையுங்கள். மொத்தத் தரவேற்றத்தையும், அளந்த வேகத்தின் 85 சதவீதமளவில் மட்டுப்படுத்துங்கள். அப்போது பொதிகள் வரிசையில் தேங்காது. அவ்வசதி இல்லாவிட்டால், அழைப்பு நேரத்தில் படம் பார்ப்பதையும் கணினிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்தி வையுங்கள். இந்நேர ஒழுங்கைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

3. முடிந்த இடத்தில் வயர் இணைப்பு

அழைப்புக் கணினியை வலையமைப்பு வயரால் நேரடியாக ரவுட்டருடன் இணைப்பது நல்லது. வயர் 100 மீற்றருக்கு மேற்படக் கூடாது. வைஃபை மட்டுமே உண்டாயின், ரவுட்டரை உயரத்தில், இரும்பு அலுமாரிக்கும் தகரத் தடுப்புக்கும் அப்பால் வையுங்கள்.

4. எதிரொலியும் அந்தரங்கமும்

ஸ்பீக்கரில் பேசினால் எதிரொலி கேட்கும். வீட்டு விடயத்தை மண்டபம் முழுதும் கேட்கும். ஒரு ஹெட்செட் இரண்டையும் தீர்க்கும்.

5. செய்மதி இணைப்பாயின்

சில செய்மதிகள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளன. அவற்றினூடாகக் குரல் ஒரு வழி செல்லவே கால் செக்கனுக்கு மேலாகும். எந்த அமைப்பாலும் இதைக் குறைக்க முடியாது. ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேச வேண்டும் என்று அழைப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

6. மின்சாரம் நின்றால்

மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நிற்கும், அழைப்பும் நிற்கும். ரவுட்டருக்குச் சிறிய மின்கல மாற்று ஏற்பாடு ஒன்று செய்து வையுங்கள். அவசரத்துக்கு இணைய அழைப்பை நம்பியிருக்க வேண்டாம். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 ஆகியவற்றை அழைக்க, மின்னேற்றிய சாதாரணக் கைத்தொலைபேசி ஒன்று நிலையத்தில் எப்போதும் இருக்கட்டும்.

திறக்க முன்னர் ஒரு சோதனை

வெளியூரிலுள்ள ஒருவரை அழைத்துப் பத்து வசனங்கள் வாசியுங்கள். சிலவற்றை "லாம்" என்றும், சிலவற்றை "ஏலாது" என்றும் முடியுங்கள். இடையில் இலக்கங்களும் வரட்டும். கேட்டதை அவர் எழுதித் திருப்பி வாசிக்கட்டும். பத்தும் சரியாக வந்தால் நிலையத்தைத் திறக்கலாம். ஒன்று பிழைத்தாலும் மீண்டும் முதலாவது படியிலிருந்து பாருங்கள்.