கார் ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் உலோகமும்

கோலார் தங்கவயலிலுள்ள பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை புல்டோசர்களை உருவாக்குகின்றது. இத்தகைய கனரகப் பொறிகளில் ரேடியேட்டரின் தொட்டிகள் பொதுவாக உலோகத்தாலேயே அமைகின்றன. இக்காலக் கார்களிலோ, எடையும் செலவும் குறையும்பொருட்டு, கண்ணாடியிழை கலந்த நைலான் தொட்டியை ரப்பர் வளையமிட்டு அலுமினியப் பகுதியுடன் நெரித்துப் பொருத்துகின்றனர்.

ஓடும் எஞ்சினில் நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், மிகுந்த அழுத்தத்துடன் சுழல்கின்றது. அவ்வெந்நீரும் அதனுடன் கலந்த கிளைக்காலும் நைலானின் நெடிய மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. பல்லாண்டு சென்றபின், குழாய் சேரும் கழுத்தில் வெடிப்புத் தோன்றும். நீர் முழுதும் வடிந்துவிடின், வெப்பமானியின் முனை வெறுங்காற்றில் நின்று உண்மை வெப்பத்தைக் காட்டாமற் போகலாம். ஓட்டுநர் அறியுமுன்னரே சிலிண்டரின் தலைப்பகுதி வளைந்துவிடக்கூடும். தொலைவான சிற்றூர்களுக்கு வண்டியிற் செல்லும் களப்பணியாளர்கள் இதனை மனத்திற் கொள்வது நன்று.

பற்றவைத்த அலுமினியத் தொட்டி இக்குறையைத் தீர்க்கும். ஆயினும் உலோகத்திற்கும் பகையுண்டு. அலுமினியமும் பித்தளையும் ஒரே உப்புநீரில் தோய்ந்து ஒன்றோடொன்று இணைந்திருப்பின் மின்கலம்போல் இயங்கும், அரிக்கப்படுவது அலுமினியமே. இரு தகடுகளையும் ஒரு கால்வனாமீட்டரையும் கொண்டு ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். கோலார் வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானதாதலின், வாலைவடிநீருடன் அரிப்புத் தடுப்பான் கலந்தே ரேடியேட்டரில் நிரப்புதல் வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் அப்பொழுதே மாற்றிவிடுதல் நலம்.