பூக்குழியும் கருஞ்சட்டையும்

சித்ரா பௌர்ணமி விடியலில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கானோர் ஆற்றுக்குள் நெருக்கியடித்து நிற்பது மதுரையின் வருடாந்திரக் காட்சி. அதே ஆற்று மணலில் 1946 மே மாதம் இன்னொரு கூட்டமும் கூடியது. அது பெரியாரின் கருஞ்சட்டைப் படை மாநாடு. கடவுள் இல்லை என்று சொல்ல வந்தவர்கள் வெயிலில் கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். மாநாட்டுப் பந்தலுக்குத் தீ வைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் அந்தச் சட்டையைக் கழற்றிவிடவில்லை.

இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மறுப்பவை. ஆனால் ஓர் அறிவியலாளர் பார்த்தால் இரண்டிலும் ஒரே விஷயம்தான் முதலில் கண்ணில் படும். தான் நம்புவதற்காக உடம்பை வருத்திக்கொள்கிறார்கள், அதையும் ஊரறியச் செய்கிறார்கள்.

உயிரியல் கணக்கில் இது விசித்திரம். காப்புக் கட்டி, விரதம் இருந்து, அலகு குத்தி, அக்கினிச்சட்டி ஏந்தி, பூக்குழி இறங்குகிறவருக்குச் சோறோ பணமோ கிடைப்பதில்லை. நேரமும் காசும் தோலும்தான் செலவு. இப்படி நஷ்டம் தரும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக எப்படி நிலைத்தது? அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். அந்தப் பதில் போதாது. தீமிதியில் தெய்வச் செயல் எதுவுமில்லை என்று காட்டத் திராவிடர் கழகத் தோழர்களும் தீ மிதித்திருக்கிறார்கள், தீச்சட்டி ஏந்தியிருக்கிறார்கள், முதுகில் கொக்கி மாட்டிக் கார் இழுத்திருக்கிறார்கள். இயற்பியலைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் கங்கில் படுவதோ ஒரு நொடிக்கும் குறைவு. நின்றால் வெந்துவிடும், நடந்தால் பெரும்பாலும் தப்பலாம். ஆனால் சாமி இல்லை என்பதை ஊருக்குப் புரியவைக்க அவர்களுக்கும் பூக்குழி தேவைப்பட்டது. வெறும் துண்டறிக்கைக்கு இல்லாத வலு வெறுங்காலுக்கு இருந்தது.

இதற்கு விளக்கம் தேடியவர்களில் மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் முக்கியமானவர். 2009இல் அவர் முன்வைத்த கருத்து எளிமையானது. பேச்சுக்குச் செலவில்லை என்பதால் வாய் எதையும் சொல்லும். ஒருவர் உண்மையில் எதை நம்புகிறார் என்று அறிய, அதற்காக அவர் என்ன இழக்கத் தயாராக இருக்கிறார் என்று மனித மனம் தானாகவே பார்க்கிறது. குழந்தைகளும் இப்படித்தான் கற்கின்றன. பெற்றோர் வாயளவில் பக்தி பேசி, செயலில் ஒன்றும் செய்யாத வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தபின் கடவுள் நம்பிக்கையை விடுவது அதிகம் என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. மதத்தைக் குறைத்ததில் நாத்திகப் புத்தகங்களைவிடச் சோம்பேறி ஆத்திகர்களுக்குப் பங்கு அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, இழப்பவருக்கு என்ன கிடைக்கிறது? இதற்கான அருமையான ஆய்வு தென் தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் நடந்தது. லண்டன் பொருளியல் பள்ளியின் எலினார் பவர் அங்கே தங்கி, யார் யார் எந்த வழிபாட்டில் என்ன செய்தார்கள் என்று குறித்துக்கொண்டார். யார் பூக்குழி இறங்கினார், யார் காவடி எடுத்தார், யார் தவறாமல் கோயிலுக்கோ மாதாகோயிலுக்கோ போகிறார் என்பதெல்லாம் அதில் அடக்கம். பிறகு வேறொரு கேள்விப் பட்டியல்: அவசரத்துக்குக் கடன் கேட்டால் யார் தருவார்? பிள்ளையை யாரிடம் விட்டுப் போவீர்கள்? யோசனை கேட்க யாரிடம் போவீர்கள்? பதில்களைக் கோடுகளாக்கினால் ஊரின் உதவி வலை முழுதும் தெரிந்துவிடும்.

2017இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் முடிவு வந்தது. தவறாமல் வழிபடுகிறவர்களும், ஊர் பார்க்கப் பெரிய நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களும் மற்றவர்களுக்கு அதிகம் உதவுகிறார்கள். ஆபத்து நேரத்தில் அவர்களுக்குக் கைகொடுக்கவும் ஆள் இருக்கிறது. பக்தியோடு சேர்த்து நல்ல குணமும் கொடை மனமும் அவர்களுக்கு உண்டு என்று அண்டை வீட்டார் மதிப்பிடுகிறார்கள். பூக்குழி இறங்கியவர் ஆத்தாளுக்குக் கடனைத் தீர்த்தார். ஊரோ அதைப் பார்த்து அவருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்துகொண்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கணக்குப் போட்டு அலகு குத்துகிறவரை ஊர் கண்டுபிடித்துவிடும், அப்புறம் குத்தியதில் பயனில்லை.

இன்னொரு சோதனை மொரீஷியஸில், அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் வழித்தோன்றல்களிடையே நடந்தது. தைப்பூசத்தன்று உடம்பெல்லாம் வேல் குத்தி, வெறுங்காலோடு மலைக்கோயிலுக்குக் காவடி சுமக்கும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. மானுடவியலாளர் டிமிட்ரிஸ் சிகலாடாஸ் குழுவினர் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் கொடுத்து, அதில் விரும்பியதை யாருக்கும் தெரியாமல் கோயிலுக்கு நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். வெறும் கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் அளவில் தந்தார்கள். காவடி எடுத்தவர்கள் 130 ரூபாய்க்கு மேல் தந்தார்கள். கூடவே நடந்து, வேதனையைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் தந்தது 160 ரூபாய்! வலித்தவரைவிட, வலியைப் பார்த்தவர் மனம் அதிகம் இளகியது. முதன்முதலில் படித்தபோது இதை நான் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே கிராமத்துத் தீமிதியில் இதயத் துடிப்பை அளந்தவர்கள் இந்த இளகலின் உடல் பக்கத்தைப் பிடித்தார்கள். தீயில் நடப்பவரின் துடிப்பும் ஓரமாய் நிற்கும் உறவினரின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கின. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் அது நடக்கவில்லை.

அப்படியானால் கடவுளை விட்டுவிட்டு இதே இழப்பையும் கூட்டத்தையும் வைத்து நோக்கமுள்ள வாழ்க்கை ஒன்றைக் கட்டிவிடலாமா? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான கூட்டுவாழ்க்கைக் குடியிருப்புகளில் மதம் சாராதவை அதைத்தான் முயன்றன. மானுடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ் மதம் சார்ந்தவை, சாராதவை இரண்டிலும் சேர்த்து 200ஐ எடுத்து ஆராய்ந்தார். எந்த ஒரு வருடத்தையும் தாண்டி நிலைக்கும் வாய்ப்பு மதம் சார்ந்த குடியிருப்புக்கு நான்கு மடங்கு அதிகம். அவரது பின்னாளைய ஆய்வில், மதக் குடியிருப்புகளில் கட்டுப்பாடு கடுமையாக இருக்க இருக்க ஆயுள் நீண்டது. மதம் சாராத கொள்கைக் குடியிருப்புகளில் கடுமை கூடியும் ஆயுள் கூடவில்லை. இந்த இரண்டாவது முடிவுதான் நெருடுகிறது. காரணம் கேட்கக் கூடாத விதியை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். காரணம் சொல்லி வைத்த விதியில் ஒருநாள் யாராவது கணக்குக் கேட்டுவிடுகிறார்கள்.

இதற்காக மதத்துக்கு மாலை போட வேண்டியதில்லை. கட்டும் கயிறு வெளியே நிறுத்தவும் செய்யும். நம் கிராமங்களின் உதவி வலை சாதி எல்லையில் மெலிந்துபோவதை அளந்து பார்க்கக் கருவி தேவையில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் 1939 ஜூலை 8 வரை நுழைய முடியவில்லை. காந்தியவாதி வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனதற்காகச் சொந்தச் சாதியின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் கொடுத்த விலையும் ஒரு நேர்த்திக்கடன்தான். அதைக் கேட்டது கோயில் வழக்கம் இல்லை, அவர் மனசாட்சி.

மதுரையில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 58 வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் அறுவைசிகிச்சை செய்யத் தன்னைப் பழக்கிக்கொண்டவர் அவர். வீட்டை அடமானம் வைத்தார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் சேர்ந்து உழைத்தார்கள். வெங்கடசாமி ஸ்ரீ அரவிந்தரின் தீவிர அடியவர். காலையில் தியானம் அவருடையது. ஆனால் கண் புரை எடுக்க வருகிறவர் எந்தச் சாமியையும் கும்பிட வேண்டியதில்லை, எதையும் நம்ப வேண்டியதில்லை. பணம் கட்டுகிறவரின் கட்டணத்தில் இல்லாதவருக்கும் சிகிச்சை நடக்கிறது. 1992இல் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதி லென்ஸின் விலையில் சிறு பங்குக்கு லென்ஸ் செய்தது. நம்பிக்கையின் செலவைத் தொடங்கியவர் ஏற்றுக்கொண்டு, பலனை நம்பாதவருக்கும் திறந்துவிட்ட ஏற்பாடு இது. வெங்கடசாமி 2006இல் மறைந்த பிறகும் அது ஓடுகிறது.

நான் கவனிக்கச் சொல்வது அந்த மருத்துவமனையின் தினசரித் தன்மையை. எலினார் பவரின் முடிவிலும் பூக்குழிக்கு மட்டும் மதிப்பு இல்லை, வாராவாரம் வந்து நிற்பவருக்கும் ஊர் மதிப்பெண் போட்டது. கோயிலுக்குச் செவ்வாய், வெள்ளி இருக்கிறது, பள்ளிவாசலுக்கு வெள்ளி மதியம், மாதாகோயிலுக்கு ஞாயிறு. பகுத்தறிவு, அறிவியல், இலக்கியம், சூழல் என்று மதுரையில் அமைப்பு நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டு மாநாட்டுக்குத் திரட்டும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, தெருவுக்குள் ஓர் அறையை வாடகைக்குப் பிடியுங்கள். வாரம் ஒரு மாலை, சொன்ன நேரத்துக்கு, நான்கு பேர் வந்தாலும் திறந்து வையுங்கள். வராதவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று போய் விசாரியுங்கள்.