முற்றத்தில் ஒரு விறகுப் போறணை

பாண், போறணை இரண்டுமே போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்ற சொற்கள். போறணையை அவர்கள் "போர்னோ" என்பர். இத்தாலியருக்கும் அதே சொல்தான். நாப்போளி நகரில் பீட்சா என்னும் தட்டை ரொட்டி வேகின்ற குவிந்த அடுப்பும், எமது ஊர்ப் பேக்கரிகளில் பாண் வெந்த போறணையும் ஒரே வம்சம். வசதியுள்ள நாடுகளில் இன்று அதனை வீட்டு முற்றத்தில் பொழுதுபோக்காகக் கட்டிக்கொள்கிறார்கள். எமது தேவை வேறு. 1990களில் மின்சாரம் இல்லாத குடாநாட்டில் பாண் வெந்தது விறகில்தான். 2022 இல் எரிவாயுவுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்றபோதும் விறகடுப்பு உள்ளவர்களே சமாளித்தார்கள்.

போறணை ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் கட்ட வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம். நெருப்பின் சூட்டை முதலில் குடிப்பது அதன் சுவர். அந்தச் சுவர் சூடேற இரண்டு மணி நேரம் எரிக்க வேண்டும். இரண்டு றாத்தல் பாணுக்காக இவ்வளவு விறகையும் எரிப்பது வீண். ஆனால் நாலைந்து குடும்பங்கள் முறைவைத்துச் சேர்ந்தால் ஒரே எரிப்பில் எல்லோருடைய வேலையும் முடியும். குடியிருப்புகளில் வளவுகள் நெருக்கமாக இருப்பது இதற்கு மட்டும் நல்லது.

இன்னொரு கேள்வியும் எழும். "இது எங்கள் காணி இல்லையே, நாளைக்கு எழும்பச் சொன்னால்?" ஆகவேதான் சீமெந்தை விட்டு மண்ணால் கட்டச் சொல்கிறோம். செலவு பெரும்பாலும் உடலுழைப்பே. அடித்தளச் செங்கற்களைச் சாந்து பூசாமல் நெருக்கி அடுக்கினால், ஊர் திரும்பும் நாளில் அவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம். மிச்சம் மண்ணோடு மண்ணாகும். சீமெந்துப் பூச்சு சூட்டில் வெடித்து உதிரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இடத்தைத் தெரிவதில் அவசரம் கூடாது. போர் நடந்த நிலமாயின், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில், ஏற்கெனவே வெட்டிக் கொத்திய இடத்தில் மட்டுமே கட்டுங்கள். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் மேலே மூட்டும் நெருப்பின் சூட்டினாலும் வெடிக்கக்கூடும். புற்றுமண் எடுக்கவோ விறகு பொறுக்கவோ எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைகளுக்குள் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் அறிவியுங்கள். கிடுகுக் கொட்டிலுக்கும் ஓலை வேலிக்கும் இருபது அடியாவது தள்ளி, வாய் சோழகத்துக்கும் வாடைக்கும் எதிர்ப்படாதபடி தென்கிழக்கையோ வடமேற்கையோ பார்த்து இருக்கட்டும்.

இடுப்பளவு உயரத்துக்குக் கல்லாலோ உடைந்த செங்கல்லாலோ மேடை கட்டி, உள்ளே இடிபாட்டுக் கல்லும் மண்ணும் நிரப்புங்கள். மேல்மட்டத்தில் வெறும் போத்தல்களைப் படுக்கவைத்து, உமி கலந்த களிமண்ணால் மூடினால் சூடு கீழே இறங்காது. அதன்மேல் இரண்டு அங்குலம் மணல். மணல்மேல் செங்கல் தளம். பின்னர் தளத்தில் ஈர மணலை 27 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள குவியலாகத் தட்டி, நனைத்த பத்திரிகைத் தாளால் மூடுங்கள். போறணையின் உட்புறம் இந்த மணல் குவியலின் வடிவிலேயே அமையும்.

புற்றுமண் ஒரு பங்குக்கு மணல் இரண்டு அல்லது மூன்று பங்கு சேர்த்துக் காலால் மிதித்துக் குழையுங்கள். ஓர் உருண்டை பிடித்து இடுப்பளவிலிருந்து நிலத்தில் போட்டுப் பாருங்கள். அப்பளமாகப் பரந்தால் தண்ணீர் கூடிவிட்டது; சிதறினால் தண்ணீரோ களியோ போதாது. சரியான மண்ணை நாலு அங்குலத் தடிப்பில் குவியலைச் சுற்றி அப்பி, அது இறுகியபின் நறுக்கிய வைக்கோல் கலந்த களிமண்ணை இன்னொரு நாலு அங்குலம் அப்புங்கள். வாயை 10 அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். வாய் உட்கூரையின் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கை அண்டி இருந்தால்தான் கீழால் காற்றுப் போய் மேலால் புகை வெளியேறும். கூடினால் சூடு ஓடிவிடும். குறைந்தால் நெருப்பு மூச்சடைத்துப் புகையும். பத்திரிகைத் தாள் தெரியும்வரை மணலை வெளியே அள்ளிவிடுங்கள்.

கிழமைக் கணக்கில் நிழலில் காயவிட்டு, பிறகு பல நாட்கள் சின்ன நெருப்பு மூட்டுங்கள். மயிர்போன்ற வெடிப்புகள் வரும். மண் பூசினால் போதும். மாரிக்கு முன் மேலே நாலு தகரம் போடாவிட்டால் செய்த வேலை கரைந்து போகும்.

எரிக்கும்போது உட்சுவர் முதலில் கறுக்கும். இரண்டு மணி நேரத்தில் அந்தக் கரி எரிந்து சுவர் வெளுத்தால் சூடு ஏறிவிட்டது. தணலை ஓரமாக ஒதுக்கி, அந்நேரமே தட்டை ரொட்டி போடலாம். தக்காளி, வெங்காயம், முருங்கையிலை தூவினால் அதுவே எமது பீட்சா. இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், கண்ணெடுக்காமல் நில்லுங்கள். பின்பு தணலை வாரி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, நனைத்த பலகையால் வாயை மூடிக் கால் மணி நேரம் பொறுங்கள். ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் தூவிப் பாருங்கள். உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாகப் பொன்னிறமானால் பாணை வைக்கலாம். கோதுமை மா விலை ஏறும் நாட்களில் காற்பங்கு குரக்கன் மா கலக்கலாம். பாண் சற்று இறுக்கமாக வரும், ருசி குறையாது. அதற்கு மேல் கலந்தால் பொங்காது.

பாணுக்குப் பின் கேக், அதற்குப்பின் மரவள்ளி, கச்சான் எனச் சூடு இறங்க இறங்க வேலை இருக்கிறது. கடைசியில் அடுத்த முறைக்கான விறகை உள்ளே அடுக்கிவிடுங்கள், விடியும்போது காய்ந்திருக்கும். பூவரசு, சீமைக்கிளுவை, ஊமல், தென்னை மட்டை எதுவும் உதவும். அலரி வேண்டாம், அது நஞ்சு. களப்போரத்துத் தில்லையை எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். அதன் பாலைப் போலவே புகையும் கண்ணைக் கெடுக்கும். பெயின்ற் பூசிய பலகைகளும் ஆகா. வாரிய தணலைக் குளிருக்கென்று பூட்டிய கொட்டிலுக்குள் கொண்டுபோக வேண்டாம், நித்திரையிலேயே மூச்சடைக்கும். தண்ணீர் தெளித்து அணைத்தால் அது கரி. மறுநாள் தேத்தண்ணி அடுப்புக்கு ஆகும்.