பால் பல்லுக்கும் நரம்பு உண்டு

"பால் பல் தானே, எப்படியும் விழப்போகிறது. அதற்கு எதற்கு மரத்துப்போகிற ஊசி?" என்று ஒரு பல் மருத்துவர் என்னிடம் கேட்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நான்கு வயதுப் பேத்தியின் கைகளை நானும் அவள் அப்பாவும் பிடித்துக்கொள்ள, சொத்தையைக் குடைந்தார்கள். "வலிக்கவே வலிக்காதும்மா" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, குழந்தை அலறிவிட்டாள். பிறகு பல மாதம் பல் தேய்க்கக்கூட வாயைத் திறக்க மாட்டேனென்றாள். தாத்தா சொன்னது பொய் என்பது அவளுக்கு மறக்கவில்லை. அந்த உறுத்தலில் படித்தும், விவரம் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

பால் பற்கள் மொத்தம் 20. பின்பக்கக் கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. நம் பல்லில் உள்ளதுபோலவே அவற்றின் உள்ளேயும் இரத்தக்குழாயும் நரம்பும் உண்டு. விழப்போகிற பல் என்பதால் வலி குறைந்துவிடாது. (சூரியன் மறைந்தபின் உண்ணாத சமண வீடு எங்களுடையது. ஆனாலும் பேத்தியைப் பால் புட்டியோடுதான் தூங்க வைத்தோம். பெரியவர்களுக்கு இருந்த நியமம் புட்டிக்கு இல்லை! சொத்தைக்கு அதுவே வழி.)

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கல். குழந்தை வலியைத் தமிழில் சொல்கிறது, மருத்துவர் இந்தியில் கேட்கிறார், நடுவில் நாம். என் பேத்தி "ராத்திரி விண்ணு விண்ணுங்குது தாத்தா" என்றாள். நான் "தோடா தர்த் ஹை" என்று முடித்துவிட்டேன். எவ்வளவு பெரிய பிழை! 'கூசுது' என்றால் பெரும்பாலும் சொத்தை இன்னும் நரம்பை எட்டவில்லை. இரவில் தானாகவே 'விண்விண்' என்று தெறித்தால் நரம்பே வீங்கியிருக்கலாம். கடித்தால் மட்டும் வலித்தால் வேரடியில் சீழ் இருக்கக்கூடும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆகவே முதலாவதற்கு "தண்டா லக்தா ஹை", இரண்டாவதற்கு "ராத் கோ டீஸ் உட்தீ ஹை", மூன்றாவதற்கு "சபானே மே தர்த்" என்று பிரித்துச் சொல்லுங்கள். குழந்தையின் சொல்லை நாம் சுருக்கக் கூடாது.

இரண்டாவதாகப் போன மருத்துவர் வேறு மாதிரி. எதைச் செய்வதானாலும் முதலில் சொன்னார், பிறகு கருவியைக் குழந்தையின் நகத்தில் ஓட்டிக் காட்டினார், அதன்பிறகே வாயில் வைத்தார். இந்த முறையை அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1959-இல் எழுதிவைத்திருக்கிறார். "வலிச்சா இடது கையைத் தூக்கு, நிறுத்திடறேன்" என்பதை நான் தமிழில் சொன்னேன். அவள் சோதித்துப் பார்ப்பதற்காகவே இரண்டு தடவை தூக்கினாள். இரண்டு தடவையும் நிறுத்தினார்.

ஊசிக்கு முன் ஈறைத் துடைத்து, மரக்கச் செய்யும் களிம்பைத் தடவி ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்தை மெதுவாக ஏற்றினால் வலி குறையும். "ஊசியே இல்லை" என்று சொல்லாதீர்கள். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அப்புறம் உதடு தடிச்ச மாதிரி ஆகும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் ஊசி சரியாக வேலை செய்யாது. குழந்தை "வலிக்குது" என்றால் அடம் என்று தள்ளிவிடலாகாது.

இந்த ஊசி மருந்து லிக்னோகெய்ன். சுவீடனில் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கியது. அதற்கும் முன்பே, 1844-இல், அமெரிக்காவின் ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துகொண்டு தம் பல்லையே பிடுங்கச் செய்தார். அந்த வாயுவை ஆக்சிஜனோடு கலந்து மூக்குவழி தந்து, விழித்திருக்கும் நிலையிலேயே குழந்தையின் பயத்தைத் தணிக்கும் வசதி இன்று சில மருத்துவமனைகளில் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

எடை விஷயத்தில் வியாபாரியாக ஒரு வார்த்தை. குத்துமதிப்பு உதவாது, தராசில் நிறுத்துச் சொல்லுங்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர் அமைப்பின் கணக்கில் லிக்னோகெய்ன் கிலோவுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் அது 3.3 மில்லிலிட்டர்தான்.

வீடு திரும்பியபின் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். குழந்தை வேடிக்கையாக மென்று புண்ணாக்கிக்கொள்ளும், கண் வைத்திருங்கள். உணர்வு திரும்பும்வரை சாப்பாடும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆனால் சிரப் 5 மில்லியில் 125 என்றும் 250 என்றும் இரு விதமாக வருகிறது. பாட்டிலைப் படிக்காமல் பழைய கணக்கில் ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. நிமசுலைடை 12 வயதுக்குட்பட்டோருக்கு 2011-இல் நம் அரசே தடை செய்தது. பாட்டி வைத்தியமான கிராம்புத் தைலம் பஞ்சில் அதிகமானால் ஈறு வெந்துவிடும். சிறு குழந்தை விழுங்கினால் ஆபத்து, பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.