முழங்காலை மடக்கினால் தெரியும் பூட்ஸின் குணம்
பிளாஸ்டிக் யுகத்திலும் பனிக்காட்டுப் பயணிகள் தோல் பூட்ஸை விட மறுக்கிறார்கள். ஆனால் தப்பான ஜோடியை வாங்கினால் முதலில் தண்டனை அனுபவிப்பது குதிகால்

நார்வேயில் உள்ள ஃபின்ஸேவுக்குச் சாலை கிடையாது. ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே ஓடும் ரயில்தான் வழி. கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் குட்டி ஸ்டேஷனில் ஈஸ்டர் விடுமுறையின்போது கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்குகிறார்கள். முதுகில் மூட்டை, தோளில் நீளமான சறுக்குப் பலகைகள். பிளாட்பாரத்தைத் தாண்டினால் ஹர்டாங்கர்விட்டா பீடபூமியின் வெண்பனி. அடுத்த குடிலுக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். நடுவில் டீக்கடை இல்லை, பஸ் இல்லை, கால் கடித்தால் திரும்பிப்போக ஆட்டோவும் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் இறங்குபவரின் பலகையையோ கோட்டையோ பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறார்கள்.

குல்மார்கிலும் ஔலியிலும் பனிச்சறுக்கைப் பார்த்தவர்களுக்கு இது சற்று வேறு சமாசாரம். அங்கே பூட்ஸ் என்பது முழங்காலுக்குக் கீழே பூட்டப்படும் பிளாஸ்டிக் பெட்டி. முன்பாதமும் குதிகாலும் பலகையோடு இறுக்கப்பட்டிருக்கும். கேபிள் காரிலோ இழுவைக் கம்பியிலோ மேலே ஏறுவது, சறுக்கி இறங்குவது, மறுபடி ஏறுவது. இவ்வளவுதான். நார்டிக் முறையில் முன்பாதம் மட்டுமே பலகையோடு பிணைக்கப்படுகிறது. குதிகால் தாராளமாக எழும்பி இறங்கும். அதனால் சமவெளியில் நடக்கலாம், மேட்டில் ஏறலாம், நாள் முழுக்க 20 கிலோமீட்டர் போகலாம். ஏறிய மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. குதிகாலைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாதபோது, வேகமாக ஓடும் பலகையைத் திருப்புவது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் தெற்கு நார்வேயில் டெலிமார்க் மாவட்டத்து மோர்கெடால் கிராமத்தைச் சேர்ந்த சோன்ட்ரே நூர்ஹைம். 1825ல் பிறந்த குத்தகை விவசாயி. முறுக்கிய மரவேர்களைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, காலுக்கும் பலகைக்கும் ஓர் உறவை ஏற்படுத்தினார். ஒரு பலகையை முன்னே தள்ளி, மற்றதைப் பின்னே இழுத்து, பின்காலின் முழங்காலைப் பனியைத் தொடுகிற மாதிரி மடக்கித் திரும்பும் முறை அவருடைய மாவட்டத்தின் பெயராலேயே டெலிமார்க் என்று அழைக்கப்படுகிறது. 1868ல் கிறிஸ்டியானியாவில் - இன்றைய ஓஸ்லோவில் - நடந்த போட்டியில் நகரத்து ஆட்கள் அவரைப் பார்த்து அசந்துபோனார்கள். 1884ல் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். 1897ல் மலையே இல்லாத வடக்கு டகோடாவில் இறந்தார்.

நூர்ஹைம் விட்டுச்சென்ற அந்த மடக்கலில்தான் பூட்ஸின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. திரும்பும்போது பின்காலின் குதிகால் அந்தரத்தில் நிற்கிறது. பலகைக்குக் கட்டளை போவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் முன்பாதத்தின் மேடு வழியாக மட்டுமே. அந்த இடத்தில் பூட்ஸ் சுலபமாக மடங்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலை மடக்கவே முடியாது. அதே சமயம் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கிக்கொண்டால் கால் திரும்பும், பலகை திரும்பாது. ஆள் குப்புற விழுவார்.

இதைக் கண்டுபிடிக்கக் கடையிலேயே ஒரு சோதனை உண்டு. ஒரு கையால் பூட்ஸின் மூக்கையும் மறு கையால் குதிகாலையும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கிப் பார்க்க வேண்டும். துணி மாதிரியே பிழிய வந்தால் அது சமவெளி நடைக்குத்தான் லாயக்கு. கை வலிக்கும் அளவுக்கு எதிர்த்து நின்றால் மலைச்சரிவுக்கு ஆகும். பிறகு மூக்கைத் தரையில் ஊன்றிக் குதிகாலைத் தூக்கி மடக்கிப் பார்க்கலாம். மடிப்பு முன்பாத மேட்டுக்கு நேராக விழ வேண்டும். அங்கே விழாமல் விரல்களின் மேல் விழுந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு நகர்வது நல்லது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை அந்த மடிப்பு விரலைக் கடிக்கும்.

பூட்ஸ் வாங்குபவர்களில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது அளவில்தான். கடைக்குக் காலையில் போகக் கூடாது. நடந்து திரிந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போக வேண்டும். பனியில் போடப்போகும் அதே சாக்ஸ் - உள்ளே மெல்லியது ஒன்று, மேலே தடித்த கம்பளி ஒன்று - கையோடு இருக்க வேண்டும். நாடாவைக் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு குதிகால் அதன் குழியில் உட்கார்ந்து அசையாமல் இருக்க வேண்டும். விரல்கள் மட்டும் உள்ளே தாளம் போட இடம் வேண்டும். கடைசியாக, கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை, டெலிமார்க் பாணியில் ஒரு காலை மடக்கி மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது எல்லா பூட்ஸும் நன்றாகத்தான் இருக்கும்.

தோல் போகப் போகப் பாதத்துக்கு ஏற்ப இளகும் என்பது உண்மை. ஆனால் அகலத்தில்தான் இளகும், நீளத்தில் அல்ல. விரல் இடிக்கும் பூட்ஸ் பத்து வருஷமானாலும் இடிக்கும். இறுக்கமாக வாங்கினால்தான் பலகை சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. சறுக்கு மைதானத்தில் அது ஓரளவுக்கு நியாயம். குடிலுக்குக் குடில் போகும் பயணத்தில் அது விபரீதம். ரத்தம் ஓட இடமில்லாத கால்தான் முதலில் உறையும்.

இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தவர்களில் ஒருவர் ரோல்ட் அமுண்ட்சென். அவர் குழுவின் பூட்ஸ் விசேஷமாகத் தயாரிக்கப்பட்டது. பலகைப் பிணைப்புக்காகக் கெட்டியான சோல், பல சாக்ஸ் போட இடம். இருந்தும் 1911ன் தொடக்கத்தில் அன்டார்க்டிகாவில் உணவுக் கிடங்குகள் அமைக்கப் போனபோதே, கெட்டி அதிகம், இடம் போதவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. குளிர்காலம் முழுக்க முகாமில் உட்கார்ந்து பூட்ஸைப் பிரித்து மறுபடி தைத்தார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி அவசரப்பட்டுத் துருவத்துக்குக் கிளம்பினார்கள். வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனது. பாதியில் திரும்பி வந்தபோது பிரெஸ்ட்ரூட் உள்படச் சிலரின் குதிகால்கள் உறைந்துபோயிருந்தன. மறுபடி பூட்ஸைப் பிரித்தார்கள். அக்டோபரில் புறப்பட்ட ஐந்து பேர் டிசம்பர் 14ஆம் தேதி தென் துருவத்தில் நின்றார்கள். அவர்களுடைய வெற்றிக்கு நாய்களைக் காரணம் சொல்லாதவர் இல்லை. பூட்ஸைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

பூட்ஸும் பலகையும் சேரும் இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1927ல் நார்வேயின் ப்ரோர் வித் கண்டுபிடித்த பிணைப்புக்கு ராட்டெஃபெல்லா என்று பெயர். எலிப்பொறி என்று அர்த்தம். பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். பூட்ஸின் மூக்கு வாத்தின் அலகுபோல முன்னே நீண்டிருக்கும். அதன் அடியில் மூன்று துளைகள். பிணைப்பில் இருக்கும் மூன்று முளைகள் அதில் நுழைய, மேலிருந்து ஒரு கம்பி அழுத்திப் பிடிக்கும். 75 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்த ஏற்பாடு பல தலைமுறைகளைத் தாண்டி இன்றும் நிற்கிறது. பனிக்கட்டி அடைத்தால் கத்தி முனையால் நோண்டிவிடலாம். உடைந்தால் கம்பி வைத்துக் கட்டலாம். இதன் பலவீனம், அந்தத் துளைகள் நாளடைவில் பெரிதாகிவிடும் என்பதுதான். பழைய பூட்ஸ் வாங்குபவர்கள் தோலின் பளபளப்பில் மயங்காமல் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது இதைத்தான். துளைகளைச் சுற்றி உலோகத் தகடு இருக்கிறதா, அலகு ஓரத்தில் சோல் வாய் பிளந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இன்னொரு வகையில், சோலுக்கு அடியில் விரல்களுக்கு நேராக ஓர் உலோகக் குச்சி இருக்கும். அதைப் பிணைப்பு கவ்விக்கொள்ளும். நடை இயல்பாக இருக்கும், சோல் தேயாது. பீடபூமிப் பயணங்களுக்குப் பலர் இதையே விரும்புகிறார்கள். ஆனால் கவ்விக்குள் பனி உறைந்தால் கையுறையைக் கழற்றிப் போராட வேண்டியிருக்கும். இரண்டு வகைகளையும் மாற்றி மாட்ட முடியாது. பூட்ஸ் ஒரு வகை, பலகையில் பொருத்தியிருப்பது வேறு வகை என்றால் வாங்கியது அலமாரிக்குத்தான்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கிரெஸ்டெட் பியூட்டில் 1970களின் தொடக்கத்தில் இளைஞர்கள் டெலிமார்க்கைத் தூசி தட்டி எடுத்தபோது அவர்கள் காலிலும் தோல் பூட்ஸ்தான். சரிவுகள் செங்குத்தாக ஆக, பூட்ஸும் உயர்ந்தது. கணுக்காலுக்கு மேலே பட்டை வந்தது, பக்கிள் வந்தது. தோலை இதற்கு மேல் கெட்டியாக்க முடியாது என்ற நிலையில், 1992ல் இத்தாலியின் ஸ்கார்ப்பா நிறுவனம் டெர்மினேட்டர் என்ற முழு பிளாஸ்டிக் டெலிமார்க் பூட்ஸைக் கொண்டுவந்தது. முன்பாதம் மடங்க, துருத்தி மாதிரி மடிப்புகள். தண்ணீர் புகாது, முறுக்காது. சில வருஷங்களில் செங்குத்துச் சரிவுகளிலிருந்து தோல் விரட்டப்பட்டது. பெயர் பொருத்தம்தான்.

சரிவுகளில் பிளாஸ்டிக் ஜெயித்தது நியாயமே. தேர்ச்சி குறைந்தவரைக்கூட அது நிற்க வைக்கிறது. ஆனால் ஜோடி 3 கிலோ அளவுக்குக் கனக்கும் பூட்ஸோடு தட்டையான பனியில் 20 கிலோமீட்டர் நடப்பது கைவிலங்கைக் காலில் மாட்டிக்கொண்டதற்குச் சமம். கணுக்கால் அசையாது. வேர்வை வெளியேறாது. நீண்ட தூரப் பயணிகள் தோலுக்குத் திரும்பியதற்கு, அல்லது அதைவிட்டு விலகாததற்கு, ஏக்கம் காரணமில்லை. நார்வேயின் அல்ஃபா, இத்தாலியின் கிறிஸ்பி போன்ற நிறுவனங்கள் இன்றும் 75 மில்லிமீட்டர் தோல் பூட்ஸ் செய்கின்றன.

ஆகவே முதல் கேள்வி எந்தக் கம்பெனி என்பதல்ல, எந்தப் பயணம் என்பது. பெரும்பகுதி சமவெளி, அங்கங்கே மேடு என்றால் கணுக்காலைத் தாண்டும் இளகிய தோல் போதும். மூட்டை கனமாக, மலைகள் குறுக்கிட்டால் தடித்த முழுத்தோல், முறுக்காத சோல், இறுக்கமான கணுக்கால் பட்டை. குளிர் மைனஸ் 20க்குக் கீழே பல நாட்கள் நீடித்தால், கழற்றக்கூடிய உள் பூட் கொண்ட இரட்டை பூட்ஸ் வேண்டும். உள் பூட்டை இரவில் தூங்கும் பையில் போட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்க ஏறி இறங்குவதுதான் ஆசை என்றால், தோலின் மீது எவ்வளவு காதல் இருந்தாலும், பிளாஸ்டிக்கே சரி. ஒரே ஜோடியில் நான்கும் வேண்டும் என்பவருக்கு எந்தக் கடையும் உதவாது.

தோலின் உண்மையான எதிரி வெளியே இருக்கும் பனியைவிட உள்ளே ஊறும் வேர்வை. பகலில் ஊறியது இரவில் உறைந்து, காலையில் பூட்ஸ் மரக்கட்டையாக நிற்கும். இதற்கு அனுபவசாலிகளின் வைத்தியம் மலிவானது. மெல்லிய சாக்ஸுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் கம்பளி சாக்ஸ். பாதம் பிசுபிசுக்கும். ஆனால் கம்பளியும் தோலும் காய்ந்தே இருக்கும். நீர் புகாத லைனிங் போட்ட பூட்ஸுக்குக் கடைகளில் நல்ல கிராக்கி. ஈரப்பனியில் அது உதவும். கடுங்குளிரில் ஒரு முறை உள்ளே நனைந்துவிட்டால் காய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

சோலும் மேல்தோலும் சேரும் தையல்தான் தண்ணீர் முதலில் புகும் இடம். வாங்கியவுடனேயே அந்த வரிசை முழுக்க அடைப்புப் பசை தடவிவிடுவது வழக்கம். தையல் போட்ட பூட்ஸுக்கு இன்னொரு லாபம், சோல் தேய்ந்தால் மாற்றித் தைக்கலாம். வெறும் பசையால் ஒட்டியதற்கு அந்த வசதி குறைவு. தேன்மெழுகை மிதமாகத் தேய்க்கலாம். அளவுக்கு மீறினால் தோல் தளர்ந்து, காசு கொடுத்து வாங்கிய கெட்டித்தனம் கரைந்துவிடும்.

பூட்ஸ் அதிகம் சாவது மலையில் அல்ல, குடிலின் அடுப்பங்கரையில். நனைந்து வந்தவர்கள் அவசரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். அரை மணியில் தோல் சுருங்கி வெடிக்கிறது, சோலின் பசை விடுகிறது. பழகியவர்கள் நாடாவை முழுக்கத் தளர்த்தி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, சுவரோரமாக உயரத்தில் தொங்கவிடுகிறார்கள். படுக்கப் போகும் முன் ஒரு முறை எழுந்து, ஈரமான காகிதத்தை எடுத்துவிட்டு உலர்ந்ததைத் திணிக்கிறார்கள்.