கல்லீரல் புற்றுநோய்க்குக் காளான் மருந்து உதவுமா?

கல்லீரலில் கட்டி என்று ஸ்கேன் அறிக்கை வந்ததும், பார்க்க வரும் உறவினர்கள் ஆளுக்கொரு புட்டியுடன் வருகிறார்கள். லிங்ஸி காளான் மாத்திரை, கடற்பாசிப் பொடி என்று வகை வேறுபட்டாலும் எல்லாவற்றிலும் 'பாலிசாக்கரைடு' என்ற ஒரே சொல் அச்சாகியிருக்கும். இதைச் சாப்பிட்டுவிட்டு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்பதே பலர் மனத்தில் ஓடும் கேள்வி. தள்ளிப்போடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

வெட்டியெடுத்தாலும் மீண்டும் வளரக்கூடிய உறுப்பு நமது கல்லீரல். தன் கல்லீரலில் பாதிக்கு மேல் தானமாகக் கொடுத்தவருக்குக்கூட, சில மாதங்களில் அது ஏறக்குறைய பழைய அளவை எட்டிவிடுகிறது. 'வளர்' என்று உயிரணுக்களுக்குக் கட்டளையிடும் புரதங்களையே வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். வேலை முடிந்ததும் கட்டளை நின்றுவிடும். புற்றுநோய் உயிரணுக்கள் மட்டும் நிறுத்துவதில்லை. கட்டி பெரிதாக இரத்தம் வேண்டும். அதற்காக அது வி.இ.ஜி.எஃப். என்னும் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, புதிய குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து திருட்டுத்தனமாக மின்சாரம் இழுப்பதைப் போன்றதுதான் இது. இந்த இணைப்பைத் துண்டித்தால் கட்டியைக் கட்டுப்படுத்தலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அன்று அதை நம்பியவர்கள் குறைவு.

பின்னர் அவர் சொன்னது பலித்தது. நோய் முற்றிய 602 பேரிடம் நடந்த ஆய்வில், சோராஃபெனிப் மாத்திரை சராசரி ஆயுளை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக நீட்டியது என்று 2008இல் அறிவிக்கப்பட்டது. மூன்று மாதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அதற்கு முன் அத்தகைய நோயாளிகளுக்கு எந்த மாத்திரையும் அதைக்கூடச் செய்து காட்டியதில்லை. 2020இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெம்பூட்டியது. வி.இ.ஜி.எஃபைப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமேப், நோய் எதிர்ப்பு அணுக்களின் தடையை நீக்கும் அட்டெசோலிசுமேப் ஆகிய இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகப் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தனர். சோராஃபெனிப் உட்கொண்டவர்களில் அது 55 விழுக்காடு.

இப்போது புட்டிக்கு வருவோம். சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருளே பாலிசாக்கரைடு. நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுச்சத்தும் அதுதான்! ஆகவே பெயரைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. காளானில் இருப்பது பீட்டா குளுக்கன் என்னும் வகை. நம் வெள்ளணுக்கள் இதைப் பூஞ்சையின் அடையாளமாக எண்ணி விழித்துக்கொள்கின்றன. ஷீடாகே காளானிலிருந்து எடுத்த லென்டினானுக்கு ஜப்பான் 1985இல் வயிற்றுப் புற்றுநோய்க்காக அனுமதி அளித்தது. அதுவும் வேதிமருந்துக்குத் துணையாக, ஊசியாக. வீட்டில் வைக்கும் காளான் சூப் அதற்கு ஈடாகாது.

கல்லீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க சான்று சீனாவிலிருந்து 2018இல் வந்தது. ஹுவாயெர் என்னும் மரக்காளானின் சாற்றுத்தூளை, கட்டியை வெட்டி அகற்றிய 1,044 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 96 வாரங்களில் நோய் திரும்பாதிருந்தவர்கள், தூள் உட்கொண்டோரில் 62 விழுக்காடு, மற்றவர்களில் 49 விழுக்காடு. நல்ல செய்திதான். ஆனால் இருதரப்பினரும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. தூள் கத்திக்குப் பதிலாக வரவில்லை, கத்திக்குப் பின் வந்தது. மேலும், மற்றத் தரப்பினருக்குப் போலித்தூள் கொடுத்து ஒப்பிடவில்லை. லிங்ஸியின் நிலை இன்னும் பலவீனமானது. 2012இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு 5 ஆய்வுகளை, மொத்தம் 373 நோயாளிகளை அலசிவிட்டு, அதை முதல்நிலைச் சிகிச்சையாக ஏற்க ஆதாரம் போதாது என்றது.

இயற்கைப் பொருள்தானே, என்ன கெடுதி என்று கேட்பார்கள். லிங்ஸிப் பொடி உட்கொண்டவர்களுக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அது இரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தக்கூடும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் இரத்த நாளங்கள் புடைத்திருக்கும். பெவாசிசுமேப் தொடங்குமுன் மருத்துவர்கள் குழாய்விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான், ஏனெனில் அம்மருந்தாலும் இரத்தக்கசிவு ஏற்படலாம். அறுவைக்கோ ஊசிக்கோ செல்லும்போது, வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசையில் வையுங்கள். திட்டுவாரோ என்று அஞ்சி மறைப்பதுதான் ஆபத்து.

மலேசியாவில் பாரம்பரிய மருந்தின் பதிவு எண் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும். அந்த எண் இருப்பதால் அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று அரசாங்கம் சான்று கூறியதாகப் பொருளாகாது. புற்றுநோய் உட்பட 20 நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. விற்பனையாளர் நீட்டும் தாளில் அப்படி எழுதியிருந்தால், அவர் சட்டத்தை மீறுகிறார்.