விடையை மூடி வைத்த தேர்வு

கண்ணாடி இழையின் விறைப்பு ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல். எபாக்ஸி பிசினுக்கோ வெறும் 3 தான். இரண்டையும் பாதிக்குப் பாதி சேர்த்து ஒரு பலகை வார்த்தால், அதன் விறைப்பு எவ்வளவு இருக்கும்? படிப்பதை நிறுத்திவிட்டு ஓர் எண்ணை எழுதி வையுங்கள்.

70-ஐயும் 3-ஐயும் கூட்டி, பாதியாக்கி, 36.5 என்று எழுதினீர்களா? இழைகள் ஓடும் திசையில் இழுத்தால் உங்கள் விடை சரி. ஆய்வகத்தில் அளந்தாலும் கிட்டத்தட்ட அதுவே வரும்.

இப்போது அதே பலகையைக் குறுக்கே இழுப்போம். ஈர்க்கு விளக்குமாற்றை நீளவாக்கில் இழுத்தால் ஈர்க்குகள் தாங்கும். பக்கவாட்டில் விரித்தால்? கட்டிய கயிறுதான் தாங்க வேண்டும். பலகையில் அந்தக் கயிற்றின் வேலையைப் பிசின் செய்கிறது. இதற்கான எளிய சூத்திரம் 6-க்கும் குறைவாக ஒரு விடை தரும். அளந்து பார்த்தால் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது! சூத்திரம் இழையையும் பிசினையும் தோசை அடுக்குபோல ஒன்றன்மேல் ஒன்றாக நினைத்துக்கொள்கிறது. உண்மையில் இழைகள் தலைமுடியைவிட மெல்லிய உருளைகள். பிசின் அவற்றைச் சுற்றிலும் பிடித்திருக்கிறது. அளவீடு காட்டிய அந்த வித்தியாசம்தான் நம் கற்பனையில் இருந்த பிழையைச் சொல்லிக்கொடுத்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது.

விறைப்பே இப்படியென்றால், எப்போது உடையும் என்று சொல்வது இன்னும் கடினம். முதலில் பிசினில் சிறு விரிசல்கள் விழும். இழைகள் அதன்பிறகும் தாங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் எதை 'உடைந்தது' என்பது?

பிரிட்டனில் ஹிண்டன், கடூர், சோடன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்காகவே உலகெங்கும் உள்ள நிபுணர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே பொருள்கள், ஒரே 14 கேள்விகள். உள்ளிருந்து அழுத்தம் கொடுத்தால் இந்த மெல்லிய குழாய் எப்போது கசியும், எப்போது வெடிக்கும் என்பது போன்றவை. சோதனை முடிவுகளை மட்டும் மறைத்து வைத்தார்கள். நிபுணர்களின் விடைகள் 1998-இல் அச்சாயின. அதன் பிறகுதான் அவற்றைச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டார்கள்.

2004-இல் தேர்வு முடிந்தபோது நிபுணர்களின் 19 கணக்கு முறைகள் அதை எழுதியிருந்தன. சில நன்றாகவே தேறின. ஆனால் 14 கேள்விக்கும் சரியான விடை சொன்ன முறை ஒன்றுகூட இல்லை. ஒரே குழாய்க்கு ஒருவர் சொன்ன எண்ணும் இன்னொருவர் சொன்ன எண்ணும் வெகுதூரம் விலகி நின்றன.

அந்த ஆய்வாளர்கள் அத்தோடு விடவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வித்தாளைத் தயாரித்தார்கள்.